தப்ரேஸ் பாயின் நான்கு மில்லிமீட்டர்

கடை வாசலில் செருப்புச் சத்தம் கேட்டதும் தப்ரேஸ் பாய் முதலில் நாக்கால் கீழுதட்டை ஒரு முறை நனைத்துக்கொள்வார். பிறகு கீழ்த்தாடையை, மேசையின் இழுப்பறையை இழுப்பது போல, மெதுவாக முன்னால் கொண்டுவருவார். பாதி வழியில் இடது காதுக்குப் பக்கத்திலிருந்து 'டக்' என்று ஒரு சத்தம் வரும். வலது கை ஆள்காட்டி விரல் தாடியைச் சரிசெய்கிற சாக்கில் போய், தாடை வந்து சேர்ந்துவிட்டதா என்று தொட்டுப் பார்த்துவிட்டுத் திரும்பும். "வாங்க, உட்காருங்க" என்று அவர் சொல்வதற்குள் இத்தனையும் முடிந்திருக்கும். ஒரு நாளைக்கு அறுபது, எழுபது முறை. வந்தவர் பூந்தமல்லிக்கு எந்த பஸ் என்று கேட்க வந்தவராக இருந்தாலும் சரி, தாடை வராமல் பதில் வராது.

எனக்கு இதெல்லாம் தெரிந்ததற்குக் காரணம் ஒரு ப்ளைவுட் தடுப்பு. சென்னீர்குப்பத்தில் நெடுஞ்சாலையைப் பார்த்த ஒரே கடையை இரண்டாக வெட்டி, ஒரு பாதியில் அவருடைய போட்டோ ஸ்டூடியோ, மறுபாதியில் நான் வேலை பார்க்கும் ஜெராக்ஸ் மற்றும் ஆன்லைன் விண்ணப்பக் கடை. ஒயர் போவதற்காகத் தடுப்பில் அறுத்த ஓட்டை என் நாற்காலிக்கு நேராக இருந்தது. ஒயர் மெலிசு, ஓட்டை பெரிசு. ஆள் இல்லாத மதியங்களில், கம்ப்யூட்டரில் யாருடைய முகத்தையோ அறுத்துக்கொண்டிருக்கும்போது, அவர் தன் முகத்தைக் கொஞ்சம் மறந்துவிடுவார். அப்போது இழுப்பறை தானாக உள்ளே போய்விடும். கீழுதடு முடிகிற இடத்திலேயே கழுத்து ஆரம்பிக்கும். நடுவில் இருக்க வேண்டிய சங்கதி இருக்காது. தாடி மட்டும், சுவர் இடிந்த பின்னும் நிற்கிற கொடி மாதிரி தொங்கிக்கொண்டிருக்கும்.

இதில் கேலிக்கு ஒன்றுமில்லை என்பது எனக்குத் தெரியும். ஒருவருடைய தாடை அவர் கேட்டு வாங்கியதில்லை. ஆனால் தப்ரேஸ் பாய் மற்றவர்கள் தாடையைச் சும்மா விட்டிருந்தால் நானும் அவருடையதைச் சும்மா விட்டிருப்பேன்.

அவர் யாரையும் விட்டதில்லை. பாஸ்போர்ட் அளவு போட்டோ எடுக்க வந்தவர்களை ஸ்டூலில் உட்காரவைத்து, "முகவாயத் தூக்குங்க, அய்ய, இவ்ளோ இல்ல, மாட்டுச் சந்தையிலயா நிக்கிறீங்க?" என்பார். எடுத்து முடித்ததும் வேலை தொடங்கும். அவருடைய கம்ப்யூட்டரில் 'தாடை' என்று ஒரு போல்டர். உள்ளே எங்கிருந்தோ எடுத்த பதினான்கு முகவாய்கள். ஆள் வயசுக்கும் நிறத்துக்கும் தகுந்தபடி ஒன்றை எடுத்து ஒட்டிவிடுவார். கல்யாண பேனர், காதுகுத்து பேனர், வார்டு கவுன்சிலர் பிறந்தநாள் பேனர், எல்லாவற்றிலும் அதே பதினான்கு முகவாய்கள் மாறி மாறிச் சிரித்தன. செத்தவர்களும் தப்பவில்லை. கண்ணீர் அஞ்சலி போஸ்டருக்குக் கொண்டுவருகிற பழைய போட்டோவில் கிழவருக்கு நாலாம் நம்பர் தாடையை வைத்து அனுப்பினார். எடுத்துப்போன மகன்களுக்கும் அப்பா இப்படி இருந்ததே சௌகரியமாகப் பட்டது போல. ஒருவரும் திருப்பிக் கொண்டுவரவில்லை.

திருப்பிக் கொண்டுவந்த முதல் ஆள் ஜம்புலிங்கம்.

ஜம்புலிங்கம் நூம்பல்காரர். பரம்பரையாக நெல் போட்ட நிலத்தில் இப்போது வில்லாக்கள் நிற்கின்றன. அவர் தண்ணீர் லாரி ஓட்டி அந்த வில்லாக்களுக்கே தண்ணீர் ஊற்றுகிறார். மகள் பவித்ரா வெளிநாட்டில் பிரசவத்துக்கு இருந்தாள். போய்ப் பார்க்க விசா வேண்டும். போட்டோ பாய் எடுத்தார், விண்ணப்பம் நான் போட்டேன். போட்டோ திருத்தப்பட்டிருக்கிறது என்று விண்ணப்பம் திரும்பி வந்துவிட்டது.

ஜம்புலிங்கம் போட்டோவை மேசையில் அறைந்தார். "யார்ரா இது?"

"நீங்கதான் நைனா."

"நானா? என் ஊட்டுக்காரி இத்தப் பாத்துட்டு, யாரு இந்த மாப்ள, பொண்ணு கிண்ணு பாக்க வந்துகிறாரான்னு கேக்குறா."

"அழகாத்தானே பண்ணிக்கிறேன். பாருங்க, தாடையெல்லாம் சும்மா செதுக்கி..."

"மரு எங்கடா?"

"எது?"

"இங்க, உதட்டாண்ட, ஒரு மரு கீது பாரு. போட்டோல எங்க?"

"அத்த எடுத்துட்டேன் நைனா. சோக்கா இல்ல."

"எங்கப்பன் குட்த்த மருடா அது! அந்தாளு வெச்சுட்டுப் போனதுல மிச்சம் இருக்கிறதே இதான். நெலம் போச்சு, கெணறு போச்சு, இத்த நீ எடுக்கிறியா? போட்டோ புடிடான்னா இன்னாத்துக்கு நீ மூஞ்சி செய்யுற?"

வாசலில் நாலு பேர் நின்றுவிட்டார்கள். பாய்க்கு ஆள் கூடினால் தாடை இன்னும் கொஞ்சம் முன்னால் வரும். வந்தது. எழுந்து நின்று, "யோவ், உங்க மூஞ்சிக்கு..." என்றார்.

அங்கேயே நின்றுவிட்டது. வாய் ஒரு விரல் திறந்தபடி இருந்தது. மேற்கொண்டு திறக்கவில்லை. இடது கை காதுப்பக்கம் போயிற்று. கண்ணில் தண்ணீர்.

"இன்னா, பாதிலயே நிறுத்திட்ட?" என்றார் ஜம்புலிங்கம். "சொல்லு, என் மூஞ்சிக்கு இன்னா?"

"ம்... ம்..."

"தோ பார்றா, ம்மாங்கிறான்."

வேடிக்கை பார்த்தவர்கள் உடனே வைத்தியர்கள் ஆனார்கள். இந்த ஊரில் எதற்கு ஆள் கிடைக்காவிட்டாலும் வைத்தியத்துக்குக் கிடைத்துவிடும். ஒருவர் கன்னத்தில் ஓங்கி அறைந்தால் திறந்துகொள்ளும் என்று சொல்லி, சம்மதம் கேட்காமல் கையையும் ஓங்கினார். இன்னொருவர் இது வாயு, பூண்டு போதும் என்றார். பூண்டை எந்த வழியாக உள்ளே போடுவது என்று அவர் சொல்லவில்லை. பூந்தமல்லியில் மெத்தைக் கடை வைத்திருக்கும் பாயின் தாய்மாமன் ஷவுகத் அலி வந்து பார்த்துவிட்டு, "கொஞ்ச நாளு வாய மூடிகினு இரு, அதுவே சரியாய்டும்" என்று சொல்லிவிட்டுப் போனார். அன்றைக்குச் சொல்லப்பட்டதில் மருத்துவத்துக்குக் கொஞ்சமாவது பக்கத்தில் வந்தது அதுதான்.

எதிர் ஜிம்மில் பயிற்சி கொடுக்கும் ஜெகன் மட்டும் முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்றான். காரணம் பிறகு தெரிந்தது. மூன்று மாதமாக அவன் கொடுத்த ஒரு ரப்பர் பந்தைப் பாய் ரகசியமாக மென்றுகொண்டிருந்தார். "இத்த மென்னுகினே இரு பாய், ஒரே வருசம், தாடை கத்தி மாதிரி வரும், மாமே, மெர்சலாய்டுவ" என்று சொல்லிக் கொடுத்திருக்கிறான். மூளையைத் தவிர மற்ற எல்லாத் தசைக்கும் அவனிடம் பயிற்சி உண்டு.

அரசு பல் மருத்துவக் கல்லூரிக்குப் பாய் என்னையும் கூட்டிக்கொண்டு போனார், படிவம் நிரப்புவதற்கு. அங்கே ஸ்ரீகாந்த் என்று ஒரு இளம் டாக்டர், மேல்படிப்புக் கடைசி வருஷம். மூன்று விரலை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி வாய்க்குள் வைக்கச் சொன்னார். ஒரு விரல்தான் போயிற்று.

"ஏதாவது கெட்டியா மென்னீங்களா? சூயிங் கம், ரப்பர் மாதிரி?"

"இல்ல சார்" என்றார் பாய், பல் இடுக்கு வழியாக. சட்டைப் பையில் பந்து எலுமிச்சம்பழம் போலப் புடைத்துக்கொண்டிருந்தது. டாக்டர் அதைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். எழுதிக்கொண்டார்.

தாடை மூட்டுக்குள் ஒரு மெத்தென்ற தட்டு இருக்கிறது, வருஷக்கணக்காக எதற்கோ இழுபட்டு அது இடத்தை விட்டு நழுவிவிட்டது என்றார் டாக்டர். கீழ்த்தாடையே அளவில் சின்னது. முதலில் மூட்டுக்கு ஓய்வு. பல்லுக்கு மேல் போட்டுக்கொள்ள ஒரு பிளேட். பிறகு ஒன்றரை வருஷம் பல்லுக்குக் கிளிப். அப்புறம் அறுவை. வாய்க்குள்ளேயே கீழ்த்தாடை எலும்பை இரண்டு பக்கமும் அறுத்து, முன்னால் நகர்த்தி, உலோகத் தகடும் திருகாணியும் போட்டுப் பொருத்துவார்கள். வெளியே தழும்பு தெரியாது.

"முன்னாடி வருமா சார்?" என்று மட்டும் கேட்டார் பாய்.

"வரும்."

வழியெல்லாம் அந்த ஒரு வார்த்தையைப் பிரசாதம் மாதிரி கையில் வைத்துக்கொண்டு வந்தார்.

ஒன்றரை வருஷம் போனது. மூட்டு இளகி, மெள்ள மெள்ள வாய் இரண்டு விரல் திறந்தது. அவர் மனைவி சைமா ஒரு மணிக்கு வேளை தவறாமல் சாப்பாடு கொண்டுவருவார். ஞாயிற்றுக்கிழமை என்றால் பிரியாணியை மிக்சியில் அடித்துக் கொண்டுவருவார். பிரியாணியை மிக்சியில் அடித்தால் சிமென்ட் நிறத்தில் ஒன்று வருகிறது. பாய் திரைக்குப் பின்னால் போய் அதைக் குடித்துவிட்டு வந்து, ஸ்டூலில் காத்திருக்கும் ஆளுக்கு ஒன்பதாம் நம்பர் தாடை வைப்பார். நின்றுபோனது அந்த 'டக்' மட்டும்தான். மூட்டு சரியாகிவந்ததில் இழுப்பறைக்கு எண்ணெய் போட்டது போலாகிவிட்டது. சத்தமில்லாமல் வந்தது, சத்தமில்லாமல் போனது.

அதனால்தான் அளவெடுத்த நாளில் யாருக்கும் தெரியாமல் போயிற்று.

ஸ்ரீகாந்த் ஒரு மெழுகுத் துண்டைச் சூடுகாட்டி வைத்திருந்தார். "அண்ணா, நல்லா கேட்டுக்குங்க. இந்த மெழுகுல நீங்க கடிக்கிற கடியை வெச்சுத்தான் எலும்பை எவ்வளவு நகர்த்தணும்னு முடிவு பண்றோம். உங்க தாடை இயல்பா எங்க இருக்கோ அங்கயே கடிக்கணும். இது தப்பாச்சுன்னா, அறுத்து வெச்ச அப்புறமும் மேல்பல்லும் கீழ்ப்பல்லும் சேராது. மூட்டு இதைவிட மோசமாயிடும். இன்னொரு தரம் அறுக்கறதெல்லாம் விளையாட்டு இல்ல. அதனால லூசா விடுங்க, பின்னாடி விடுங்க."

"சரி சார்."

அறையில் இரண்டு மாணவிகள், ஒரு நர்ஸ், ஸ்டாண்டில் ஒரு கேமரா. கேமராவைப் பார்த்ததும் பாய், "லைட்டு மேல்லேர்ந்து வருது சார். கழுத்தாண்ட நெழல் வுழும். பிளாஷை இப்டித் திருப்புங்க" என்றார். மாணவிகள் சிரித்தார்கள். அவர் நாக்கால் கீழுதட்டை நனைத்தார். எனக்கு அப்போதே தெரிந்துவிட்டது. தாடை மெள்ள முன்னால் வந்தது. விரல் போய்த் தொட்டுப் பார்த்துத் திரும்பியது. மெழுகைக் கடித்தார்.

அவர் ஏமாற்றவில்லை, அதுதான் கேவலம். பதினாலு வயதில் யாருடைய கல்யாண ஆல்பத்திலோ, லைட் பிடித்துக்கொண்டு நிற்கிற தன் பக்கவாட்டு முகத்தை முதல் தரம் பார்த்த நாளிலிருந்து இருபத்திரண்டு வருஷமாக அந்த இடத்தில்தான் அவர் தாடை இருக்கிறது. மற்ற மனிதர்கள் முன்னால் அவருக்கு வேறு தாடை கிடையாது. தன் எலும்பை அறுக்கப்போகிறவர் கேட்டபோதும் அவரால் நிஜத்தைக் காட்ட முடியவில்லை. நான்கு மில்லிமீட்டர் என்று எழுதினார்கள்.

"நாலே நாலு மில்லிமீட்டர்டா, சரணு" என்றார் திரும்பி வரும்போது. "நான் இன்னாவோ நெனச்சுகினு பயந்தேன். நாலுல்லாம் ஒரு கொறையா? ஆதார் போட்டோல கூடத் தெரியாது."

"ஆமா பாய்" என்றேன்.

ஓட்டை வழியாக ஒன்றரை வருஷத்துக்கு மேலாகப் பார்த்தவன் நான். நாலு இல்லை, அதற்கு இரண்டு பங்குக்கு மேல் என்று கண்ணாலேயே அளக்க முடிந்தவன். சொன்னால் எப்படித் தெரியும் என்று கேட்பார். ஓட்டையைச் சொல்ல வேண்டும். அதற்குப் பயந்து ஒரு மனிதனின் தாடை எலும்பைத் தப்பான அளவில் அறுக்க விட்டுவிடலாம் என்று இருந்தேன். மற்றவர்களைப் பற்றி இவ்வளவு எழுதுகிறேன், இதையும் எழுதிவிடுகிறேன்.

மறுநாள் சாப்பாடு கொண்டுவந்த சைமா, பாய் திரைக்குப் பின்னால் போனதும் என் கவுன்டரில் வந்து நின்றார்.

"தம்பி, அளவு எத்தினி எழுதுனாங்க?"

"நாலுக்கா."

"நாலா?"

"ஆமாக்கா."

அவர் டிபன் கேரியர் மூடியைத் திறந்து திறந்து மூடினார். "முன்னாடி வெச்சு எட்த்தாங்களா, பின்னாடி வெச்சு எட்த்தாங்களா?"

"தெரியலக்கா" என்றேன்.

"உனுக்கா தெரியாது?" என்று தடுப்பைப் பார்த்துச் சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

அட்மிட் ஆகிற அன்று பாய் இரண்டு செட் சட்டை, ஒரு சீப்பு, ஒரு கைக்கண்ணாடியோடு வந்தார். வார்டில் படுக்கை போட்டாயிற்று. அப்போது ஸ்ரீகாந்த் வந்து, "அண்ணா, ஒரு நிமிஷம்" என்று பக்கத்து அறைக்குக் கூட்டிப்போனார். மற்றவர்களை வெளியே அனுப்பினார். நான் ஃபைலோடு, பாதி சாத்திய கதவுக்கு வெளியே நின்றேன். நாற்காலியை முழுசாகச் சாய்த்து, கண்ணை மூடச் சொல்லி, முகத்தின் மேல் எரிந்த விளக்கை அணைத்தார்.

"இங்க யாரும் இல்லண்ணா. யாரும் பார்க்கல. மூச்சு மட்டும் விடுங்க."

கட்டைவிரலை முகவாயில் வைத்து மெதுவாக மேலும் கீழும் ஆட்டிக்கொண்டே நின்றார். இரண்டு நிமிடம், மூன்று நிமிடம். பிறகு தாடை போயிற்று. மொத்தமாக, பின்னால், அதனுடைய இடத்துக்கு.

"பத்து" என்றார் டாக்டர் தனக்குத்தானே.

பாய் கண்ணைத் திறந்தார். கதவிடுக்கில் நான் நிற்பதைப் பார்த்தார். உடனே தாடையை இழுத்துக்கொண்டார்.

அறுவை மூன்று வாரம் தள்ளிப்போனது. எல்லா அளவையும் திரும்ப எடுத்தார்கள். வரும் வழியில் ஷேர் ஆட்டோவில், ஆறு பேர் நடுவில், அவர் என்னைப் பார்க்காமல் கேட்டார்: "அந்தாளுக்கு எப்டித் தெரிஞ்சுது?"

"எது பாய்?"

"நடிக்காத. எவன் போட்டுக் குட்த்தது?"

"நான் இல்ல பாய்."

"நீ ஓட்ட வழியா எட்டிப் பாக்குறது எனக்குத் தெரியாதுன்னு நெனச்சுகினு கீறியா? பொறம்போக்கு."

மறுநாள் காலையில் தடுப்பு ஓட்டையில் உள்பக்கமிருந்து பிரவுன் டேப் ஒட்டியிருந்தது, மூன்று அடுக்கு. அதன் பிறகு அவர் என்னோடு பேசவில்லை. நானும் மறுத்துப் பேசவில்லை. செய்யாத ஒரு நல்ல காரியத்துக்காகத் திட்டு வாங்குவது, செய்யாமல் இருந்ததற்குத் திட்டு வாங்குவதைவிடச் சுலபமாக இருந்தது.

அறுவை நடந்தது. மேல்பல்லையும் கீழ்ப்பல்லையும் சேர்த்து ரப்பர் மாட்டியிருந்தார்கள். ஆறு வாரம் பேச்சில்லை, குடிக்க மட்டும். சென்னீர்குப்பம் வரலாற்றில் முதல் தரமாக மக்கள் நிம்மதியாக முகவாயை எங்கே வேண்டுமானாலும் வைத்துக்கொண்டு போட்டோ எடுத்துக்கொண்டார்கள். பாய் ஒரு சின்ன வெள்ளைப் பலகையில் எழுதிக் காட்டுவார். அவருக்கு எழுத்துப்பிழை அதிகம். அதனால் திட்டு சரியாகப் போய்ச் சேரவில்லை.

பேரனைப் பார்த்துவிட்டு எப்போதோ ஊருக்குத் திரும்பியிருந்த ஜம்புலிங்கம், விஷயம் கேள்விப்பட்டு, லாரியை ஓரங்கட்டிவிட்டு வந்தார். வேறு கடையில் மருவோடு எடுத்த போட்டோவில் அவருக்கு விசா வந்திருந்தது. ஸ்டூலில் உட்கார்ந்து காலை ஆட்டினார்.

"இப்ப சொல்லு அண்ணாத்தே. அன்னைக்கிப் பாதிலயே வுட்டியே. என் மூஞ்சிக்கு இன்னா?"

பாய் பலகையை எடுத்தார். எழுதினார், அழித்தார், மறுபடி எழுதினார். "நல்லா கீது."

"அப்டி வா வழிக்கு" என்று சொல்லிவிட்டு ஜம்புலிங்கம் எழுந்து, புது முகவாயை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்தார். "உனுதும் தேவல. ஆனா யாரு மாதிரியோ கீற."

இப்போது பாய் மூன்று விரல் வாய் திறக்கிறார். சமோசா கடிக்கிறார், திரை இல்லாமல், வாசலில் நின்று. பதினைந்தாவதாக ஒரு முகவாய் 'தாடை' போல்டரில் சேர்ந்திருப்பதாகக் கேள்வி. அது அவருடையது. தன் பக்கவாட்டு முகத்தை ஆளுயரத்துக்கு எடுத்துக் கடை வாசலில் மாட்டியிருக்கிறார். கீழே 'புன்னகைக்கு நாங்கள் பொறுப்பு' என்று ஒரு வரி. செருப்புச் சத்தம் கேட்டால் இன்னமும் நாக்கு கீழுதட்டை நனைக்கிறது, விரல் போய்த் தொட்டுப் பார்க்கிறது. இழுக்க எதுவும் இல்லாததால் தாடை மட்டும் நின்ற இடத்தில் நிற்கிறது. என்னோடு இன்னும் பேச்சு கிடையாது.

போன மாதம் அவர் பருத்திப்பட்டில் ஒரு கல்யாண ஆர்டருக்குப் போயிருந்த அன்று சைமா என் கடைக்கு வந்தார். போன் நிறைந்துவிட்டது, மகன் ராஷித் போட்டோவையெல்லாம் பென் டிரைவில் ஏற்றித்தர வேண்டும் என்றார்.

"இந்த வீடியோ மட்டும் ஏத்தாத தம்பி. அழிச்சிடு. குப்பத்தொட்டின்னு ஒண்ணு போனுக்குள்ளயே கீதாமே, அதுலயும் இருக்கக் கூடாது. டாக்டரு தம்பிக்கு அனுப்பிச்சதோட என் வேல முடிஞ்சுது. அப்புறம் எனக்கு அழிக்கத் தெரியல. ராஷித் அத்தா பாத்துட்டாருன்னா தாங்க மாட்டாரு. கல்யாணமாயி ஒம்போது வருசத்துல நான் அத்தப் பாத்ததே இல்லன்னு நெனச்சுகினு கீறாரு."

எதை அழிப்பது என்று தெரிய அதைத் திறக்க வேண்டியிருந்தது. அளவு எழுதிய வாரத்து வெள்ளிக்கிழமைத் தேதி. போனைத் தண்ணீர்ச் சொம்பில் சாய்த்து வைத்து எடுத்திருந்தார். மதிய வெயில் ஜன்னல் வழியாகக் கட்டிலில் விழுந்திருக்கிறது. ஜும்மா முடிந்து வந்து பாய் மல்லாந்து தூங்குகிறார். தாடை முழுதாகப் பின்னால் போயிருக்கிறது. குறட்டை ஏறுகிறது, தொண்டையில் மாட்டுகிறது, நின்றுவிடுகிறது. நெஞ்சு மட்டும் மூச்சைத் தேடி எம்புகிறது. அப்போது ஓரத்திலிருந்து வளையல் போட்ட ஒரு கை, அவசரமில்லாமல், விளக்கு சுவிட்ச் இருக்கிற இடம் தெரிந்த கை போல வந்து, அவர் முகவாயைப் பிடித்து முன்னால் இழுக்கிறது. மூச்சு திரும்புகிறது. கை போய்விடுகிறது.

வீடியோ நாலு நிமிடத்துக்குக் கொஞ்சம் அதிகம். மூச்சு ஐந்து முறை நின்றது. ஐந்து முறையும் அந்தக் கை வந்தது.